வன்னியில் பிரண்ட பஸ்ஸும் என்னுடைய மாடும்

வெள்ளவத்தையில் நான் ஓரளவு பெயர்பெற்ற நோயாளி. என்னை எழுத்தாளனாக அறிந்தவர்களைவிட இரத்த அழுத்தக்காரனாக அறிந்தவர்களே அதிகம். எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டால் கதிரையை இழுத்துப் போடுவார். எந்த டொக்டரைப் பார்க்க எந்த நாளில் சனல் பண்ணி நம்பர் எடுக்கவேண்டும், யார் ஐந்து மணி என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வருவார், எந்த ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் பிள்ளைக்குக் கை மென்மை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மாடிவீட்டுக்காரர்கள் ஆலோசனை கேட்டு என்னிடம் வருவதுண்டு. இலக்கியம் பற்றிக் கேட்டு இன்னும் ஒருவரும் வரவில்லை.

இப்படிப்பட்டவனின் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு தடவையாவது வந்துபோகிற என் மச்சாள், தலையிடி என்றுகூட ஒரு நாளும் சொன்னதில்லை. என் மனைவியின் சித்தப்பா மகள் அவள். "என்ன மச்சாள், சுகமோ?" என்று கேட்பேன். "ஓம் அத்தான். நீங்கள்?" என்பாள். நான் முழங்காலில் தொடங்கி மேலே வருவதற்குள் குசினிக்குள் போய் மனைவியோடு கதைத்துக்கொண்டிருப்பாள். நோயைப் பற்றிப் பேச விரும்பாத ஒரு தமிழரை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை.

நாற்பதைத் தாண்டியவள். கலியாணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தாள். வெள்ளவத்தையில், புடைவைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன இடம் எடுத்துச் சாறி பிளவுஸ் தைத்தாள். இளவயதில் இயக்கத்தில் இருந்தவள். தானாகப் போனாளா, கொண்டுபோனார்களா என்று நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாத கேள்விகள் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு தொகுதி உண்டு. என்னுடைய புத்தகங்கள் எத்தனை பிரதி விற்றன என்பதும் அதில் அடக்கம். யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து, புனர்வாழ்வு என்ற பெயரில் இன்னொரு முகாமிலும் இருந்து, அங்கே தையல் பழகிக்கொண்டு கொழும்புக்கு வந்தாள். சண்டை ஓய்ந்தால் பெண்கள் பிளவுஸ் தைக்கவேண்டும் என்று உலகத் தலைவர்கள் எங்கேயோ கூடி முடிவெடுத்திருக்கிறார்கள் போலும்.

அவளுடைய கழுத்தின் இடது பக்கத்தில் தொடங்கி தோள்வரை ஒரு தழும்பு ஓடியது. அதை மறைப்பதற்காகத் தனக்குத் தானே கழுத்து உயர்ந்த, முழங்கை மூடிய பிளவுஸ் தைத்துப் போட்டுக்கொள்வாள். வந்த பெண்கள் அதைப் பார்த்து, "அக்கா, நீங்கள் போட்டிருக்கிற மாதிரியே எனக்கும் வேணும்" என்றார்கள். இரண்டு வருடத்தில் அது ஒரு மோஸ்தராகிவிட்டது. காலி வீதிக் கலியாண மண்டபங்களில் தோழிப்பெண்கள் வரிசையாக நிற்கையில், ஒரு கீறலும் படாத கழுத்துகளை என் மச்சாளின் தழும்புக்காக மூடிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிளவுஸ் மூடாத இடத்தை பஸ் மூடியது. யாராவது தழும்பைக் கண்டுவிட்டால், "வன்னியில பஸ் பிரண்டது" என்பாள். அந்த பஸ்ஸை அவள் வரும்போதே கொண்டுவந்திருந்தாள். அதில் எனக்குப் பங்கில்லை. ஆனால், கதை என்ற அளவில் அது மிகவும் பலவீனமாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் தலையிட்டேன்.

"மச்சாள், ஒரு பஸ் சும்மா பிரளாது. காரணம் வேணும். மாடு ஒண்டைக் குறுக்கால விடும்."

"இஞ்சருங்கோ, உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்றாள் மனைவி.

மச்சாள் மட்டும் புட்டைக் குழைத்தபடி சற்று யோசித்தாள். "மாடு நல்லாயிருக்கு அத்தான்," என்றாள். என் எழுத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே பாராட்டு அதுதான். அதன்பிறகு மாங்குளத்துக்கு அங்கால் ஒரு மாடு குறுக்கே வந்தது, டிரைவர் பஸ்ஸை வெட்டித் திருப்பினார், பஸ் பிரண்டது. கேட்டவர்கள் எல்லோரும், "ஐயோ பாவம், மாட்டுக்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்டார்கள். நல்ல உத்தி வேலை செய்கிறது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

அந்த மாடு எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பிற்பகல் எங்கள் வீட்டில் நின்று, மனைவிக்குத் தைத்த பிளவுஸை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற மணம் வந்தது. துணி மணம் இல்லை. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி அது?" என்று ஓடிவந்தாள். மச்சாளின் இடது கைச் சின்னவிரல் அயன்பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வலது கையால் பிளவுஸின் கையை நீவியபடி, தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு மனைவி அழுதாள். மச்சாள் அவளைச் சமாதானப்படுத்தினாள்.

"நோகேல்லை அக்கா, ஏன் அழுறீங்கள்?"

"நோகேல்லை எண்டுதான்டி அழுறன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஆறு மாதமாகவே சின்னவிரலும் அடுத்த விரலும் விறைப்பு. துணியை இடது கையால் பிடித்துக் கொடுக்க முடியவில்லை. ஊசி குத்தினாலும் தெரிவதில்லை. "வசதிதான். குண்டூசி குத்தி வைக்கிற பஞ்சு தனியா வேண்டத் தேவையில்லை," என்றாள். நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். கை போனால் கடை போகும், கடை போனால் அவளுக்கு கொழும்பில் வேறு எதுவும் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

என்னுடைய துறைக்குள் ஒரு காரியம் வந்திருந்தது. நான் எழும்பினேன். முதலில் எங்கள் குடும்ப டொக்டர். அவர் பஸ்ஸையும் மாட்டையும் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, இரத்தத்தில் சீனி பார்க்கச் சொன்னார், விற்றமின் எழுதினார். சீனி இல்லை. விற்றமின் அவளைக் கொஞ்சம் கொழுக்க வைத்தது, விரல் அப்படியே இருந்தது. அடுத்தது நரம்பு டொக்டர். இந்த மனிதரைச் சனல் பண்ண மற்றவர்கள் மூன்று வாரம் காத்திருப்பார்கள். எனக்கு அங்கே பழைய செல்வாக்கு உண்டு. ஒரு காலத்தில் எனக்கு மூளையில் கட்டி என்று நானே கண்டுபிடித்து அவரிடம் போயிருந்தேன். அவர் என் கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்பினார்.

சிங்களவர், என் வயது. இளம் டொக்டராக வவுனியாவில் வேலை செய்தவராம். தமிழ் நன்றாகக் கதைப்பார். மச்சாளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டி, மடக்கி, பஞ்சால் தடவி, ஊசியால் தொட்டுப் பார்த்தார். கழுத்தைப் பார்க்கவேண்டும் என்றார். நான் சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது என்ன காயம்?"

"பஸ் பிரண்டது டொக்டர். வன்னியில. மாடு ஒண்டு குறுக்கால வந்து..."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன கலர் மாடு?"

என் வாசகர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. மச்சாள் தடுமாறினாள். "கறுப்பு," என்றாள்.

"ம்ம். மற்ற நோனா, உங்களை மாதிரி வந்தவங்க, வெள்ளை எண்டு சொன்னாங்க."

நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் தன் மடியைப் பார்த்தாள். என் மாடு எங்கள் சாப்பாட்டு மேசையை விட்டு எப்போதோ கயிறறுத்துப் போயிருக்கிறது என்பது எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

டொக்டர் கோபப்படவில்லை. மேற்கொண்டு எதையும் கேட்கவும் இல்லை. கழுத்துக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதினார். துண்டை நீட்டும்போது மட்டும், சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொன்னார்: "நங்கி, எனக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை. நான் மனுசன், கேட்டுட்டு இருப்பேன். அங்க, உடம்புல இரும்பு இருக்கா எண்டு கேப்பாங்க. அந்த மெசின் பெரிய காந்தம். உள்ள இரும்பு இருந்தா இழுக்கும். அதுக்கு நாங்க சொல்ற கதை ஒண்டும் விளங்காது."

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் கேட்டேன். "வெள்ளை மாடு ஆர்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை. கிராண்ட்பாஸில இருக்கிறா. அவவுக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அத்தான் சொன்னது நல்லாயிருக்கெண்டு குடுத்தனான்." கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ரெண்டு மூண்டு பேருக்கும் குடுத்தனான்," என்றாள்.

என் எழுத்து இவ்வளவு பரவலாகப் போய்ச் சேர்ந்தது அதுவே முதல் தடவை.

அன்று மாலை எங்கள் வீட்டில் மூவரும் கூடினோம். என் மனைவி ஸ்கேனே வேண்டாம் என்ற கட்சி. "ஒரு நல்ல எண்ணெய் பூசிப் பாப்பம். படம் எடுத்தா எல்லாம் தெரிஞ்சு போகும். பேந்து ஆர் ஆரோ வந்து கேப்பினம். இவள் இருக்கிற வீட்டு மனுசி எழும்பச் சொன்னா எங்க போறது? கடைக்கு வாறதுகள் வருங்களோ?"

அவளுடைய பயத்தில் பிழை சொல்ல முடியாது. புனர்வாழ்வு முடிந்து வந்த முதல் வருடங்களில் ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். அப்போதெல்லாம் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தாலே மனைவி கையிலிருந்த வேலையைப் போட்டுவிடுவாள்.

நான் நடுநிலை வகித்தேன். அதாவது கதையைத் திருத்தினேன். "ஸ்கேனுக்குப் போவம். இரும்பு இருக்கெண்டும் சொல்லுவம். பஸ்ஸின்ர யன்னல் கம்பி உடைஞ்சு கழுத்தில ஏறினது. தகடு நொறுங்கினது. சில துண்டு உள்ளுக்க நிண்டுட்டுது. கதைக்குக் கதையும் ஆச்சு, மெசினுக்கு உண்மையும் ஆச்சு." திருத்திய இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பைவிடச் சிறப்பாக வந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

மச்சாள் தன் இடது கையை வலது கையால் பிடித்து, சின்னவிரலை மடக்குவதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். விட்டால் அது தானாக வளைந்துகொண்டது.

"டொக்டர் பேந்து கேப்பார் அத்தான். துண்டு எப்பிடிப் போனது, ஆர் வெட்டினது, எதை எடுத்தவை, எதை விட்டவை எண்டு. பஸ்ஸுக்குப் பொருந்துமோ எல்லாம்?"

"பொருத்தலாம்," என்றேன். கதாசிரியனின் தன்மானம்.

"பாப்பம்," என்றாள். பிறகு மனைவியைப் பார்த்து, "அக்கா, ஒரு நாள் ஆரும் வந்து கேப்பினம், கேப்பினம் எண்டு இவ்வளவு காலமும் இருந்தனான். இப்ப ஒருத்தரும் வந்து கேக்கிறதில்லை. கைதான் கேக்குது," என்றாள்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நல்ல சனம். எங்கள் முறை வந்ததும், தலையில் ஸ்காஃப் கட்டிய ஓர் இளம் பெண் வந்து மச்சாளுக்கு எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காத்திருப்போர் வரிசைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி மட்டும் இருந்தது. அன்பான குரல், ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது பேரைக் கேட்டுக் கேட்டு வந்த வேகம்.

"அக்கா, ஒடம்புல இரும்பு ஏதும் ஈக்கா? ஆணி, தகடு, ஹார்ட்டுக்கு வெக்கிற மெசின்?"

"இல்லை," என்றாள் மச்சாள்.

அது அவள் சொன்னதல்ல. வாய் தன் பழக்கத்தில் சொன்னது. இத்தனை வருடங்களாக யார் எதைக் கேட்டாலும் முதலில் வந்து நின்ற சொல் அது. சோதனைச்சாவடியில், வீட்டு மனுசியிடம், கலியாணம் பேசி வந்தவர்களிடம். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டதைக் கண்டேன். அந்தப் பெண் உயர்ந்த காலருக்கு மேலால் தெரிந்த தழும்பின் நுனியைப் பார்த்தாள்.

"அப்ப கழுத்துல இது என்ன காயம்?"

என் கட்டம் வந்துவிட்டது என்று முன்னே சாய்ந்தேன். "அது தங்கச்சி, வன்னியில ஒரு பஸ்..."

"அத்தான்," என்றாள் மச்சாள். "பஸ்ஸை நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன்.

"தங்கச்சி, நான் இப்ப சொன்னது பிழை. இரும்பு இருக்கு. செல் வெடிச்ச துண்டு. கழுத்துக்குள்ளயும் தோளுக்குள்ளயும். நான் இயக்கத்தில இருந்தனான். சண்டையில பட்டது. காட்டுக்க வைச்சு ஒபரேசன் செய்து கொஞ்சம் எடுத்தவை. மிச்சம் உள்ளுக்கதான் இருக்கு."

குரலைத் தாழ்த்தவில்லை. உயர்த்தவும் இல்லை. துணி அளவு சொல்வதுபோலச் சொன்னாள். நான் அனிச்சையாக வாசலைப் பார்த்தேன். பூச்சாடிக்கு அப்பால் ஒரு மனிதர் போனிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கை, கட்டம் போட்ட சேட்டு. என் இரத்த அழுத்தம் எந்த எண்ணில் நின்றது என்று அளவுகருவி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் எழுதிக்கொண்டே போனாள். "கண்ணுக்குக் கிட்ட ஏதும் ஈக்கா?"

"இல்லை."

"இது உண்மையா இல்லையா?"

"உண்மையா இல்லை," என்றாள் மச்சாள். இருவரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள்.

"அப்ப இன்டைக்கு இந்த மெசினுக்குள்ள போக ஏலா அக்கா. டொக்டருக்குக் கோல் எடுக்கிறன். மொதல்ல எக்ஸ்ரே எடுப்பம், அவர் செல்றதப் பாத்து மத்தது. கொஞ்சம் இரிங்க. நல்ல காலம், செல்லிட்டீங்க."

அவள் போனதும் கட்டம் போட்ட சேட்டு எழுந்து எங்களிடம் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கிருந்து வந்த தைரியமோ தெரியாது, மச்சாளுக்கும் அவருக்கும் நடுவில் என் முழங்காலை நீட்டி வைத்தேன்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி," என்றார் அவர். "தங்கச்சி மெசினுக்கு இண்டைக்குப் போகேல்லை எண்டா, அந்த இடத்தை எனக்கு விடச் சொல்லி ஒருக்காச் சொல்லுறீங்களோ? காலையில இருந்து வெறும் வயித்தோட நிக்கிறன்."

மச்சாள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "குடுப்பம் அத்தான்," என்றாள். அவர் போனபிறகு, "எனக்கும் பசிக்குது," என்றாள். கன்ரீனில் மீன் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தின்று முடித்துவிட்டு என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். வெளியிடத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவள் சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எக்ஸ்ரே படத்தை நரம்பு டொக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். கழுத்தெலும்பும் தோளும் சாம்பல் நிறத்தில். அவற்றின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், பொடிகள், ஒரு பெரிய கோணல் துண்டு. நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். மச்சாள் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"பீட்ஸ் வேலை மாதிரி இருக்கு," என்றாள். "கலியாணப் பிளவுஸுக்கு இவ்வளவு பீட்ஸ் வைச்சா நான் ரெண்டு கிழமை தவணை கேப்பன்."

டொக்டர் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது பட்டது, எவ்வளவு நேரத்தில் ஒபரேசன் நடந்தது, மயக்க மருந்து இருந்ததா, காய்ச்சல் வந்ததா, கை அப்போதே விறைத்ததா. அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பஸ்ஸில் ஒன்றுமே பொருந்தாது என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்தது.

"தையல் நல்லா போட்டிருக்காங்க," என்றார் டொக்டர் தழும்பைப் பார்த்து. "யார் செஞ்சது?"

"எங்கட டொக்டர் அக்கா ஒராள்."

"இப்ப எங்க?"

"இல்லை," என்றாள் மச்சாள். டொக்டர் படத்தின் பக்கம் திரும்பினார். பெரிய துண்டு நரம்பை அழுத்துகிறது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கை முழுதாகப் போயிருக்கும், எடுக்கலாம், ஆனால் விரல் முன்போல வரும் என்று தான் சத்தியம் செய்யமாட்டேன் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தன்னுடைய கிளினிக்குக்கு வரச்சொன்னார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்பு. கிளினிக்குக்கு விடியவே போய் வாங்குப் பலகையில் இடம்பிடிப்பது, காந்தம் இல்லாத வேறொரு ஸ்கேன், இரத்தம், மயக்க மருந்து டொக்டர், கட்டில் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள். நானாயிருந்தால் இரண்டாவது தடவையோடு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருப்பேன். அவள் ஒவ்வொரு தடவையும், "சரி, அடுத்த கிழமை," என்று சொல்லி, அடுத்த கிழமை அதே நேரத்துக்கு அதே வாங்கில் இருந்தாள். வாங்கில் இருந்தபடியே பிளவுஸ்களுக்குக் கொளுக்கி தைத்தாள், துணியை முழங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு. கடைசியில் அவளுக்குக் கட்டில் கொடுக்காமல் விட முடியாது என்று ஆஸ்பத்திரியே முடிவுசெய்திருக்கவேண்டும்.

ஒபரேசனுக்கு முன் கொட்டாஞ்சேனை வீட்டு மனுசிக்குச் சொல்லவேண்டி வந்தது. நானும் மனைவியும் துணைக்குப் போனோம். மச்சாள் எல்லாவற்றையும் சொன்னாள். மனுசி வேதக்காரி, மேசையில் கைவைத்தபடி கடைசிவரை கேட்டாள்.

"அடியே, இவ்வளவுதானா?" என்றாள். "நான் என்னமோ புருசன விட்டுட்டு வந்தவ எண்டு நெனச்சிட்டு இருந்தேன். கோயிலுக்குப் போறப்ப எல்லாம் ஒனக்கும் அவனுக்கும் சமாதானம் வரணும் எண்டு மெழுகுதிரி கொளுத்தி இருக்கேன்." பிறகு, ஆஸ்பத்திரியால் வந்தபின் படியேறக் கூடாது என்று கீழறையை ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஒபரேசனில் துண்டு வெளியே வந்தது. சின்னவிரல் பாதிதான் திரும்பி வந்தது. அந்தப் பாதியை முக்காலாக்க, மாதக்கணக்கில் உடற்பயிற்சிப் பிரிவுக்குப் போனாள். அங்கே அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு சிங்களப் பெண். முன்னாள் இராணுவத்துக்காரி. அவளுக்கும் கழுத்து நரம்பு, அவளுக்கும் கை. இருவரையும் ஆளுக்கொரு ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லிவிட்டு, பயிற்சி கொடுக்கும் பெண் மற்ற நோயாளிகளிடம் போய்விடுவாள். தொடக்கத்தில் ஒருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியாது. மூன்றாவது கிழமை தெரிந்தது. பிறகு மற்றவள் மச்சாளின் பந்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை இன்னும் பலமாகப் பிசைந்தாளாம். இவள் விடுவாளா? பயிற்சிக்காரி ஓடிவந்து இருவரையும் சத்தம்போட்டாளாம்.

"அவளுக்கு ஆமிக்காரியெண்டு ஒரு காட் இருக்குத்தானே," என்றேன். "ஆமி ஆஸ்பத்திரி, பென்சன் எல்லாம்."

"எங்க அத்தான். கழுத்தும் நாரிமுதுகும் பாரம் தூக்கித்தான் பழுதானது எண்டு அவ சொல்லுறா. பிள்ளை பெத்ததால வந்ததெண்டு எழுதிப்போட்டினமாம். அவவும் அலையிறா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒண்டும் இல்லை எண்டு முதலே தெரியும். அவவுக்கு இருக்கெண்டு சொல்லிப்போட்டு இல்லையெண்டவை. அதுதான் கூடின கரைச்சல்," என்றாள்.

கழுத்தில் புதுத்தையல் உரசக்கூடாது என்று ஒபரேசனுக்குப்பின் காலரை வெட்டித்தான் பிளவுஸ் போட்டாள். கடைக்கு வந்த பெண்கள் தழும்பைக் கண்டு கேட்டார்கள். செல் பட்டது என்றாள். இரண்டு பேர் வராமல் விட்டார்கள். ஒருத்தி மட்டும், துணியை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் போகாமல் நின்று, தன்னுடைய அக்காவுக்கும் இடுப்பில் துண்டு இருக்கிறது, யாரிடம் காட்டலாம் என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவளை உசுப்பிவிட்டது. "வெள்ளை மாட்டை முதல் கூட்டிக்கொண்டு வரவேணும்," என்றாள்.

கிராண்ட்பாஸ் பிள்ளைக்கு வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் துண்டு. மாதாமாதம் அந்த நாட்களில் எழும்ப முடியாத வலி. பெண்களுக்கு அப்படித்தான் என்று அவள் போன இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். கால் விறைக்கத் தொடங்கியபின்தான் நரம்பு டொக்டரிடம் போயிருக்கிறாள். ஸ்கேன் என்றதும் அத்தோடு விட்டுவிட்டாள். அவள் இயக்கத்தில் இருந்தது புருசனுக்குத் தெரியும், புருசனின் தாய்க்குத் தெரியாது. மச்சாள் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் வெறுங்கையோடு திரும்பினாள். நாலாவது ஞாயிறு அவளுடைய கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தாளா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை கிளினிக் வாங்கில் மெலிந்த ஒரு பெண் கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என்னுடைய பங்கும் இருந்தது. எந்த ஜன்னலில் நம்பர் எடுப்பது, எந்த ஊழியரை மாத்தயா என்று ஐயாவாகவும் எவரை மல்லி என்று தம்பியாகவும் கூப்பிடுவது, டொக்டர் எந்தக் கதவால் வருவார் என்பதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை. ஒரு வாழ்நாள் கற்பனை நோய்கள் வீண்போகவில்லை.

"இவர்தான் அத்தான்," என்று மச்சாள் அறிமுகம் செய்தாள். "மாடு இவருடையது."

அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள். "நல்ல மாடு அண்ணை," என்றாள்.

அவர்களுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். முழுதாக மூடாத கதவு, அரசாங்கக் கதவு. டொக்டர் அவளுடைய பழைய மருந்துத் துண்டைப் பார்ப்பது தெரிந்தது. "ஆ, பஸ்," என்றார். "சொல்லுங்க நங்கி, என்ன நடந்தது?"

மச்சாள் உதவிக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வரவில்லை. சுவரோரமாக, இடது கையால் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"டொக்டர்," என்றாள் மற்றவள் கடைசியில். "மாடு ஒண்டும் வரேல்லை."

டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.